பெயரடை எந்தச் சொல்லைச் சேர்ந்தது? ஆங்கிலத்தில் இரு சொற்கள் இணைந்து மூன்றாவதை விளக்கும் முறை

வருமான வரித்துறை வழங்கும் பான் அட்டையில் உள்ள 'பான்' என்பது 'பெர்மனென்ட் அக்கவுன்ட் நம்பர்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். இதில் நிரந்தரமானது எது, கணக்கா, எண்ணா? அட்டையை வைத்திருப்பவர் ஊர் மாறலாம், வேலை மாறலாம், வங்கிக் கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போகலாம். எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடங்கள் கொண்ட அந்த எண் மட்டும் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. ஆகவே 'பெர்மனென்ட்' என்ற பெயரடை தனக்குப் பக்கத்தில் நிற்கும் 'அக்கவுன்ட்' என்ற சொல்லைத் தாண்டிச் சென்று, கடைசியில் நிற்கும் 'நம்பர்' என்ற சொல்லைத் தழுவுகிறது. இப்போது ரேஷன் கடையின் ஆங்கிலப் பெயரான 'ஃபேர் பிரைஸ் ஷாப்' என்பதைப் பாருங்கள். இதுவும் பெயரடை, பெயர்ச்சொல், பெயர்ச்சொல் என்ற அதே வரிசைதான். ஆனால் இங்கே நியாயமாக இருப்பது விலை. கடையைப் பற்றி 'ஃபேர்' என்ற சொல் எதுவும் சொல்லவில்லை. 'ஃபேர்' பக்கத்துச் சொல்லோடு சேர்ந்து 'ஃபேர் பிரைஸ்' என்ற ஓர் இணையாகி, அந்த இணை முழுவதும் ஒரே அடைமொழியாக நின்று 'ஷாப்' என்பதை விளக்குகிறது.

வரிசை ஒன்றாக இருந்தும் உள்கட்டு வேறாக இருக்கிறது என்பதே இந்தப் பாடத்தின் மையம். ஆங்கிலம் கற்கும் பலருக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்திருந்தும் தொடரின் பொருள் பிடிபடாமல் போவதற்கு, பெரும்பாலும் இந்த உள்கட்டைக் கவனிக்காததே காரணம்.

முதலில் இரண்டு அடிப்படைகளைச் சொல்லிவிடலாம். ஒன்று, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லும் அடைமொழியாக வரும். 'ஸ்கூல் பஸ்' என்பதில் 'ஸ்கூல்' பெயரடை அன்று. அது பெயர்ச்சொல்லாகவே இருந்துகொண்டு 'பஸ்' என்பதை விளக்குகிறது. தமிழில் 'பள்ளிப் பேருந்து' என்று சொல்வதைப் போன்றதுதான் இது. உருபு எதுவும் வெளிப்படையாக இல்லாமல் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு, இப்படி எத்தனை சொற்கள் வரிசையாக நின்றாலும் கடைசிச் சொல்லே தலைச்சொல். 'ஸ்கூல் பஸ்' ஒரு வகைப் பேருந்து. 'பஸ் ஸ்கூல்' என்று ஒன்று இருந்தால் அது ஒரு வகைப் பள்ளி. தமிழிலும் தலைச்சொல் இறுதியில்தான் வருகிறது என்பதால், இந்த இடத்தில் தமிழருக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் தலைச்சொல்லுக்கு முன்னால் இருக்கும் இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவில்தான்.

அந்த உறவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நடுச்சொல்லை எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். 'பெர்மனென்ட் நம்பர்' என்பது பொருள் தருகிறது, மூலத்தின் கருத்தும் கெடவில்லை. எனவே பெயரடை தலைச்சொல்லுக்கு உரியது. 'ஹை ஸ்கூல் டீச்சர்' என்பதில் நடுச்சொல்லை எடுத்தால் 'ஹை டீச்சர்' என்று நிற்கும். அது உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைக் குறிக்காது. எனவே 'ஹை' என்பது 'ஸ்கூல்' என்பதோடு ஒட்டியது. இந்தச் சோதனையின் மறுபக்கமும் உதவும்: கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு முதல் இரண்டையும் பாருங்கள். 'ஹை ஸ்கூல்' தனியே நிற்கிறது, 'ஃபேர் பிரைஸ்' தனியே நிற்கிறது. 'பெர்மனென்ட் அக்கவுன்ட்' என்று வருமான வரித்துறையில் ஒன்று கிடையாது. 'வெரி' என்ற சொல்லை முன்னால் சேர்த்துப் பார்ப்பதும் ஒரு வழி. 'வெரி ஓல்ட் டீச்சர்' என்று சொல்லலாம். ஆனால் 'வெரி ஹை ஸ்கூல் டீச்சர்' என்று சொல்ல முடியாது, ஏனென்றால் 'ஹை ஸ்கூல்' என்பதில் உயரத்தின் அளவு பற்றிய பேச்சே இல்லை. அது பள்ளியின் வகையைக் குறிக்கும் பெயராகிவிட்டது.

சில தொடர்கள் இரண்டு சோதனைகளிலும் தேறிவிடும். அங்கேதான் இருபொருள் பிறக்கிறது. 'ஸ்மால் பிசினஸ் ஓனர்' என்றால் சிறுதொழில் ஒன்றின் உரிமையாளரா, அல்லது உருவத்தில் சிறியவராக இருக்கும் ஒரு தொழில் உரிமையாளரா? வழக்கில் முதற்பொருளே எப்போதும் கொள்ளப்படுகிறது, ஆனால் இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. 'ஸ்மால் ஆர்ம்ஸ் டீலர்' என்ற தொடரில் இது இன்னும் கூர்மையாகிறது. 'ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பது துப்பாக்கி, கைத்துப்பாக்கி போன்ற, ஒரு ஆள் தூக்கிச் செல்லக்கூடிய ஆயுதங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். அவற்றை விற்பவர் உலகிலேயே மிகப் பெரிய வணிகராகக்கூட இருக்கலாம். 'ஸ்மால்' என்பதை 'டீலர்' என்ற சொல்லோடு சேர்த்துவிட்டால், பீரங்கியையே விற்றாலும் அவர் சில்லறை வியாபாரி ஆகிவிடுவார். 'ஃப்ரெஞ்ச் ஹிஸ்டரி டீச்சர்' என்பவர் பிரான்ஸ் நாட்டு வரலாற்றைக் கற்பிக்கிறவராகவும் இருக்கலாம்; பிரான்சிலிருந்து வந்து சோழர் வரலாற்றைக் கற்பிக்கிறவராகவும் இருக்கலாம்.

இந்த இருபொருள் ஆங்கிலத்தின் தனிக்குறை என்று நினைக்க வேண்டியதில்லை. 'பழைய புத்தகக் கடை' என்று நாம் சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. பழையது புத்தகமா, கடையா என்பதை அந்தத் தொடரில் உள்ள எந்த எழுத்தும் சொல்வதில்லை; 'புத்தகக் கடை' என்பதில் மிகும் ஒற்று புத்தகத்தையும் கடையையும் இணைத்துக் காட்டுகிறதே தவிர, 'பழைய' என்பதை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் அது தலையிடுவதில்லை. நேற்றுத் திறந்த கடையாக இருந்தாலும் 'பழைய புத்தகக் கடை' என்று தயங்காமல் சொல்கிறோம், கேட்பவரும் தயங்காமல் புரிந்துகொள்கிறார். 'நியாய விலைக் கடை' என்பதும் அப்படித்தான். ஆகவே ஆங்கிலத் தொடர்களின் உள்கட்டை உணரும் திறன் தமிழரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்வதே வேலை. சில வேளைகளில் எந்தப் பக்கம் சேர்த்தாலும் பொருள் பெரிதாக மாறாது என்பதையும் சொல்ல வேண்டும். 'பிரைமரி ஹெல்த் சென்டர்' என்பதில் 'பிரைமரி' சுகாதாரத்துக்கு உரியதா, நிலையத்துக்கு உரியதா என்று பட்டிமன்றம் நடத்தலாம். நோயாளிக்குக் கிடைக்கும் மருத்துவம் ஒன்றுதான்.

பேச்சில் ஆங்கிலம் இந்த வேறுபாட்டை அழுத்தத்தாலும் இடைவெளியாலும் காட்டுகிறது. இரண்டு சொல் தொடரில் அழுத்தம் தெளிவாக வேலை செய்யும். 'இங்கிலிஷ் டீச்சர்' என்பதில் முதற்சொல்லை அழுத்திச் சொன்னால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். இரண்டாவது சொல்லை அழுத்தினால் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர். 'கிரீன்ஹவுஸ்' என்று முன்னால் அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'கிரீன் ஹவுஸ்' என்று பின்னால் அழுத்தினால் பச்சை வண்ணம் பூசிய வீடு. மூன்று சொற்கள் வரும்போது அழுத்தத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் 'ஸ்மால் பிசினஸ் ஓனர்' என்பதை எந்தப் பொருளில் சொன்னாலும் 'பிசினஸ்' என்ற சொல்லிலேயே முதன்மை அழுத்தம் விழக்கூடும். அப்போது வேறுபாட்டைக் காட்டுவது சொற்களுக்கு இடையே விடும் நுண்ணிய இடைவெளி: சிறுதொழில் என்ற பொருளில் முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், சிறிய மனிதர் என்ற பொருளில் 'ஸ்மால்' என்பதற்குப் பின் குரல் சற்றே நிற்கும். வேகமாகப் பேசும்போது அதுவும் மறைந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் ஒரே எடையில் உச்சரிக்கும் நம் ஊர் ஆங்கிலத்தில் இந்தக் குறிப்புகள் அநேகமாக இல்லை என்பதால், இங்கிலாந்துக்காரர் நம் பேச்சைக் கேட்டு ஒரு கணம் தடுமாறினால் வியப்பதற்கில்லை.

எழுத்தில் இடைவெளியின் வேலையை ஹைபன் எனப்படும் இணைப்புக்கோடு செய்கிறது. 'ஸ்மால்-பிசினஸ் ஓனர்' என்று முதல் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுவிட்டால் ஐயமே எழாது. இணைந்த இரண்டு சொற்கள் தலைச்சொல்லுக்கு முன்னால் நின்று ஒரே அடைமொழியாகச் செயல்படும்போது கோடு இடுவது பொது விதி. அதே சொற்கள் பெயர்ச்சொல்லாகவோ வினையைத் தழுவியோ தனியே வரும்போது கோடு தேவையில்லை. 'ஃபர்ஸ்ட்-கிளாஸ் டிக்கெட்' என்பதில் கோடு உண்டு. ஒருவர் 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' பயணம் செய்தார் என்று எழுதும்போது கோடு இல்லை. 'லாங்-டேர்ம் லோன்' என்பதில் கோடு உண்டு. 'இன் தி லாங் டேர்ம்' என்று சொல்லும்போது 'டேர்ம்' ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லாகவும் 'லாங்' அதன் சாதாரணப் பெயரடையாகவும் திரும்பிவிடுவதால் கோடு மறைகிறது.

கோட்டின் வலிமையை முழுமையாகக் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 'த்ரீ', 'ஹண்ட்ரட்', 'இயர்', 'ஓல்ட்', 'ட்ரீஸ்' என்ற ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'த்ரீ-ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ட்ரீஸ்' என்று முதல் நான்கையும் கோட்டால் கட்டினால், முந்நூறு ஆண்டு வயதுடைய மரங்கள். எத்தனை மரங்கள் என்று சொல்லப்படவில்லை. முதற்கோட்டை நீக்கி 'த்ரீ ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ட்ரீஸ்' என்று எழுதினால், மரங்கள் மூன்று, ஒவ்வொன்றின் வயதும் நூறு. இரண்டாவது கோட்டையும் நீக்கி 'த்ரீ ஹண்ட்ரட் இயர்-ஓல்ட் ட்ரீஸ்' என்று ஆக்கினால், ஒரு வயதுள்ள முந்நூறு கன்றுகள் நம் முன்னால் நிற்கும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கோடுகள் மட்டுமே குறைந்தன.

இருந்தும் எல்லா இடத்திலும் கோடு போடும் வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை. 'ஹை ஸ்கூல் டீச்சர்', 'ரியல் எஸ்டேட் ஏஜென்ட்' போன்றவற்றில் முதல் இரண்டு சொற்களும் ஏற்கெனவே உறைந்துபோன பெயர்களாக இருப்பதால், பிரித்துப் படிக்கும் ஆபத்து இல்லை என்று கருதிக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அரசு நிறுவனப் பெயர்களிலும் பெரும்பாலும் கோடு இருப்பதில்லை. செய்தித் தலைப்புகளில் இடம் மிச்சப்படுத்துவதற்காகக் கோடு மட்டுமன்றி 'ஆஃப்', 'இன்' போன்ற முன்னிடைச் சொற்களும் போய்விடுகின்றன. அங்கே நான்கைந்து பெயர்கள் ரயில் பெட்டிகளைப் போல அடுத்தடுத்துக் கோக்கப்பட்டு வரும்போது, கடைசிப் பெட்டியிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் பொருள் விளங்கும். காலப்போக்கில் கோடு குறைந்து வருகிறது என்பதும் உண்மை. 2007-ஆம் ஆண்டு வெளியான ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இணைப்புக்கோட்டை நீக்கியது. 'ஐஸ்-கிரீம்' இரண்டு சொற்களாகப் பிரிந்ததும், 'பம்பிள்-பீ' ஒரே சொல்லாகச் சேர்ந்ததும் அப்போதுதான். ஆனால் அந்த நீக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைத்தான் பாதித்தது. தலைச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும் இணைகளில், ஐயம் எழக்கூடிய இடத்தில் கோடு இன்னும் தேவையாகவே இருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர் ஐயம் வந்தால் கோடு போட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தேவையற்ற கோடு பழைமையாகத் தோன்றும், அவ்வளவுதான், தேவையான கோடு விடுபட்டால் பொருளே மாறிவிடும்.

அடுத்து எண்கள். பெயரடையின் இடத்தில் எண் வந்து, அதன்பின் அளவைக் குறிக்கும் பெயர் வரும்போது, அந்தப் பெயர் ஒருமையிலேயே நிற்கும். இந்தியாவின் முதலாவது 'ஃபைவ்-இயர் பிளான்' 1951-இல் தொடங்கியது. அதில் ஐந்து ஆண்டுகள் இருந்தும் 'இயர்' என்ற சொல் 'எஸ்' ஏற்கவில்லை. அத்தகைய திட்டங்கள் பலவற்றைச் சொல்லும்போது 'ஃபைவ்-இயர் பிளான்ஸ்' என்று தலைச்சொல் மட்டுமே பன்மையாகும். 'டென்-ருபீ நோட்', 'எய்ட்-அவர் ஷிஃப்ட்', 'ஃபைவ்-ஸ்டார் ஹோட்டல்' எல்லாம் இந்த வகை. தமிழிலும் 'ஐந்தாண்டுத் திட்டம்' என்கிறோம், 'ஐந்தாண்டுகள் திட்டம்' என்பதில்லை. 'பத்து ரூபாய் நோட்டு' என்கிறோம், 'பத்து ரூபாய்கள் நோட்டு' என்பதில்லை. இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை இருந்தும், வேலைக்கான விண்ணப்பங்களில் 'த்ரீ இயர்ஸ் டிகிரி', 'டூ டேஸ் வொர்க்‌ஷாப்' என்று எழுதப்படுவதை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட எண் வந்தால் பெயர் பன்மையாக வேண்டும் என்று பள்ளியில் கற்ற விதி, அது செல்லாத இடத்துக்கும் நீட்டிக்கப்படுவதே இந்தப் பிழைக்குக் காரணம். தாய்மொழியின் பழக்கத்தை அப்படியே பின்பற்றியிருந்தால் அந்த விண்ணப்பத்தில் பிழையே நேர்ந்திருக்காது.

ஒரு சுவர் பத்து அடி உயரம் என்று தனி வாக்கியமாகச் சொல்லும்போது 'டென் ஃபீட் ஹை' என்று பன்மை வரும். அடைமொழியாக வரும்போது 'டென்-ஃபுட் வால்' என்று ஒருமை வரும். இந்த ஒருமைக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் அளவைப் பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மை வடிவில் நின்றது. 'ஃபுட்' என்பதன் அந்த வடிவம் 'ஃபோட்டா' என்பது. இறுதி உயிர் நாளடைவில் தேய்ந்து விழுந்தபோது, எஞ்சிய வடிவம் ஒருமையைப் போலவே ஆகிவிட்டது. பன்மையாகப் பிறந்து ஒருமையின் தோற்றத்தில் நிலைத்துவிட்ட வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

எண் இணையில் இன்னொரு நுட்பம் விடுப்பு விண்ணப்பம் எழுதுவோருக்குப் பயன்படும். தலைச்சொல் எண்ணக்கூடிய பெயராக இருந்தால் 'எ டூ-வீக் ஹாலிடே' என்று கோடிட்ட ஒருமை வடிவம் வரும். எண்ண முடியாத பெயராக இருந்தால், அதாவது 'லீவ்', 'வொர்க்', 'நோட்டீஸ்' போன்றவை வந்தால், 'டூ வீக்ஸ் லீவ்' என்று பன்மை வரும்; அந்தப் பன்மைக்குப் பின் உடைமையைக் காட்டும் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) ஒன்று இட வேண்டும். இங்கே கோடு வராது, முன்னால் 'எ' என்ற சார்படையும் வராது. சார்படை எப்போதும் தலைச்சொல்லுக்கு உரியது என்பதை நினைவில் வைத்தால் இது தானாக விளங்கும். அதன் ஒலி வடிவத்தை மட்டும் அடுத்து நிற்கும் சொல் தீர்மானிக்கிறது: 'எய்ட்-அவர் ஷிஃப்ட்' என்பதற்கு முன் 'ஆன்' வருவது 'எய்ட்' உயிரொலியில் தொடங்குவதால், ஒற்றைச் சார்படை வருவது 'ஷிஃப்ட்' ஒன்றே ஒன்று என்பதால்.

அடைமொழியாக வரும் பெயர் ஒருமையில் நிற்க வேண்டும் என்ற விதி எண்ணோடு வரும் அளவைப் பெயர்களில் உறுதியாகவும் மற்ற இடங்களில் சற்றுத் தளர்ச்சியாகவும் செயல்படுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் எல்லோருக்கும் 'கரன்ட் அஃபேர்ஸ் புக்' தெரியும். அதை யாரும் 'கரன்ட் அஃபேர் புக்' என்று சொல்வதில்லை. 'ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்', 'பப்ளிக் வொர்க்ஸ் டிபார்ட்மென்ட்' ஆகியவற்றிலும் நடுச்சொல் பன்மையிலேயே இருக்கிறது. பன்மை வடிவத்துக்கென்றே தனிப்பொருள் அமைந்துவிட்டால் அதை ஒருமையாக்க முடியாது என்பதே காரணம்; 'வொர்க்' என்றால் வேலை, 'பப்ளிக் வொர்க்ஸ்' என்றால் சாலை, பாலம், அணை, கட்டடம் ஆகியவை. 'சேவிங்ஸ் அக்கவுன்ட்', 'கஸ்டம்ஸ் ஆபீசர்', 'கூட்ஸ் டிரெயின்' போன்ற இரு சொல் தொடர்களிலும் இதுவே நிகழ்கிறது.

1993-இல் அமைக்கப்பட்ட 'நேஷனல் ஹ்யூமன் ரைட்ஸ் கமிஷன்' என்ற பெயரைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதைக் காணலாம். தலைச்சொல் 'கமிஷன்'. அதற்கு உடனே முன்னால் 'ஹ்யூமன் ரைட்ஸ்' என்ற இணை நிற்கிறது. 'ஹ்யூமன்' பெயரடை, 'ரைட்ஸ்' பெயர்ச்சொல், அதுவும் பன்மை. நடுவில் இருக்கும் 'ரைட்ஸ்' என்பதை எடுத்துவிட்டால் 'ஹ்யூமன் கமிஷன்' என்று பொருளற்ற ஒன்று எஞ்சும். ஆகவே 'ஹ்யூமன்' தலைச்சொல்லுக்கு உரியது அன்று. 'நேஷனல்' மட்டும் இந்த இணையைத் தாண்டிப் போய் 'கமிஷன்' என்பதைத் தழுவுகிறது, ஏனெனில் தேசிய அளவில் இருப்பது ஆணையம்; உரிமைகள் மனிதர் எல்லோருக்கும் உரியவை. மாநில ஆணையத்தின் பெயரில் 'நேஷனல்' இருந்த இடத்தில் 'ஸ்டேட்' வந்து உட்காருகிறது, உள்ளே இருக்கும் இணை அசையாமல் அப்படியே இருக்கிறது. நான்கு சொற்களுள் முதலாவதும் நான்காவதும் ஒன்றையொன்று பற்றியிருக்க, நடுவில் இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

இவ்வாறு ஒட்டிக்கொண்ட இணைக்குள் வேறொரு சொல் நுழைய முடியாது. புதிய அதிவேக ரயிலைச் சொல்ல 'எ நியூ ஹை-ஸ்பீட் டிரெயின்' என்று இணைக்கு வெளியே முன்னால்தான் 'நியூ' வர வேண்டும். 'ஹை நியூ ஸ்பீட் டிரெயின்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. எண்களுக்கும் இதே ஒழுங்குதான். 'டூ நியூ ஃபைவ்-ஸ்டார் ஹோட்டல்ஸ்' என்பதில் இரண்டு எண்கள் உள்ளன. 'டூ' விடுதிகளை எண்ணுகிறது, 'ஃபைவ்' உடுக்களை எண்ணுகிறது, ஒன்று மற்றதன் வேலையில் குறுக்கிடுவதில்லை.

ஒப்பீட்டைச் சொல்லும்போது மட்டும் இணையின் உள்ளே கை வைக்கலாம். 'ஹை-குவாலிட்டி ரைஸ்' என்பதைவிடத் தரமானதைச் சொல்ல, இணையின் உள்ளிருக்கும் பெயரடையையே மாற்றி 'ஹையர்-குவாலிட்டி ரைஸ்' என்பார்கள். 'மோர் ஹை-குவாலிட்டி ரைஸ்' என்று எழுதினால், அதே தரத்தில் இன்னும் அதிகமான அரிசி என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். கடைக்காரர் தரத்தை உயர்த்தாமல் இன்னொரு மூட்டையை இறக்குவார்.

இணையின் பெயர்ச்சொல்லோடு 'ஈ-டி' என்ற விகுதி சேரும் ஒரு வகையும் உண்டு. தமிழர் அடிக்கடி விட்டுவிடும் விகுதி இது. நீண்ட கூந்தல் உடைய பெண்ணை 'லாங் ஹேர் கேர்ள்' என்று சொல்லிவிடுகிறோம். திருத்தமான வடிவம் 'லாங்-ஹேர்ட் கேர்ள்'. இடக்கைப் பழக்கம் உள்ளவர் 'லெஃப்ட்-ஹேண்டட்', சட்டெனச் சினம் கொள்பவர் 'ஷார்ட்-டெம்பர்ட்', நான்கு கால் விலங்கு 'ஃபோர்-லெக்டு'. இந்த விகுதி இங்கே இறந்தகாலத்தைக் காட்டவில்லை. 'உடைய' என்ற பொருளைத் தருகிறது. அப்படியானால் 'மிடில்-கிளாஸ் ஃபேமிலி', 'ஹை-ஸ்பீட் டிரெயின்' ஆகியவற்றில் ஏன் விகுதி இல்லை? தலைச்சொல் குறிக்கும் உயிர் அல்லது பொருள் தன் உடலிலோ இயல்பிலோ ஓர் உறுப்பாகவோ குணமாகவோ கொண்டிருப்பதைச் சொல்லும்போது பெரும்பாலும் விகுதி சேர்கிறது. வகுப்பு, தரம், வேகம், காலம், அளவு ஆகியவற்றால் அதை வகைப்படுத்தும்போது சேர்வதில்லை. கூந்தலும் கையும் கோபமும் ஒருவரோடு இருப்பவை. நடுத்தர வகுப்பு என்பது குடும்பத்தை வைத்து எண்ணும் ஒரு பிரிவு. எல்லைக்கோட்டில் தடுமாற்றம் உண்டு. முழுக்கைச் சட்டையை 'லாங்-ஸ்லீவ் ஷர்ட்' என்றும் 'லாங்-ஸ்லீவ்டு ஷர்ட்' என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஏற்கப்படுகின்றன. மூன்று படுக்கையறை வீட்டை 'த்ரீ-பெட்ரூம் ஃபிளாட்' என்பது பரவலான வழக்கு. பிரிட்டனில் விகுதியோடும் எழுதுவதுண்டு.

வங்கிப் படிவங்களில் கண்ணில் படும் ஒரு விந்தையான கோட்டையும் இங்கே சேர்த்துவிடலாம். 'ஷார்ட்- அண்ட் லாங்-டேர்ம் லோன்ஸ்' என்ற தொடரில், 'ஷார்ட்' என்பதன் பின்னால் ஒரு கோடு எதையும் பற்றாமல் தொங்குவதுபோல் இருக்கும். அது அச்சுப்பிழை அன்று. இரண்டு இணைகளுக்கும் 'டேர்ம்' பொதுவானது என்பதால் அதை ஒருமுறை மட்டும் எழுதி, முதல் இணையின் விடுபட்ட பாதி பின்னால் வருகிறது என்பதைக் காட்ட அந்தக் கோட்டை இடுகிறார்கள். தமிழில் 'குறுகிய, நீண்ட காலக் கடன்கள்' என்று காற்புள்ளியால் செய்வதை அங்கே கோடு செய்கிறது.

கடைசியாக, இணையின் ஒரு பாதி முற்றிலும் மறைந்துபோன தொடர்கள் சில உண்டு. 'பிளாஸ்டிக் சர்ஜன்' என்பவர் நெகிழியால் ஆனவர் அல்லர். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற இணையைச் செய்பவர் என்பதே பொருள். 'பிளாஸ்டிக்' உண்மையில் அடைமொழியாக நிற்பது 'சர்ஜரி' என்ற மறைந்த சொல்லுக்கு. 'நியூக்ளியர் ஃபிசிசிஸ்ட்' என்பவர் 'நியூக்ளியர் ஃபிசிக்ஸ்' படித்தவர். அவர் உடலில் கதிரியக்கம் எதுவும் இல்லை. 'ஹிஸ்டாரிக்கல் நாவலிஸ்ட்' என்பவர் வரலாற்று நாவல் எழுதுபவர். அவர் நேற்றுப் பிறந்த இளைஞராகவும் இருக்கலாம். 'கிரிமினல் லாயர்' என்பவர் 'கிரிமினல் லா' என்ற குற்றவியல் சட்டத்தில் வழக்காடுபவர், அவரே குற்றவாளி என்று பொருள் கொண்டால் வழக்கு நம்மீதே திரும்பும். நடுச்சொல்லை எடுத்துப் பார்க்கும் சோதனை இங்கே பயன்படாது, எடுப்பதற்கு நடுச்சொல்லே இல்லை. தலைச்சொல்லின் உள்ளே எந்தத் துறையின் பெயர் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து, பெயரடையை அந்தப் பெயரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது கிடைக்காதபோது, இரண்டு சொற்களையும் தனித்தனியாகத் தேடாமல் முழுத் தொடரையும் ஒரே பதிவாக அகராதியில் பார்ப்பதே வழி.